கரைந்தது மறைவதில்லை

நாகல் நகரின் நெசவுத் தெருக்களில் நூலின் நீளத்தை யாரும் கஜக்கோல் வைத்து அளந்ததில்லை. நிறுத்துத்தான் அறிவார்கள். "நாற்பதாம் நம்பர்", "எண்பதாம் நம்பர்" என்று நூலுக்குப் பெயர் வழங்கும். அந்த நம்பர் வெறும் பெயர் அன்று, ஒரு கணக்கு. ஒரு சிட்டம் பருத்தி நூல் 840 கஜம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுவே நூலின் நம்பர். எண்பதாம் நம்பர் நூல் ஒரு பவுண்டு என்றால் 80 சிட்டம், அதாவது 67,200 கஜம், ஏறத்தாழ 61 கிலோமீட்டர். திண்டுக்கல்லில் ஒரு முனையைக் கட்டிவிட்டு நடந்தால் கிட்டத்தட்ட மதுரையை எட்டிவிடலாம். இத்தனை நீளத்தையும் ஒரு தராசுத் தட்டில் வைத்து, எடையைப் பார்த்து, பாவுக்கு இவ்வளவு, ஊடைக்கு இவ்வளவு என்று சௌராஷ்டிர நெசவாளர் மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்.

வேதியியலின் முதல் பாடமும் இதுவேதான். எண்ண முடியாததை நிறுத்து அறிவது. இந்தப் பாடத்தை நாகல் நகரில் சில ஆண்டுகள் மாலை வேளைகளில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் இடறி விழும் இடம் எப்போதும் ஒன்றுதான்: மோல். அணுவின் அமைப்பு, தனிம வரிசை எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். "18 கிராம் நீரில் எத்தனை மூலக்கூறுகள்?" என்றதும் பேனா நின்றுவிடும். 6022 எழுதி அதன் பின்னால் 20 பூஜ்யங்கள் இட வேண்டும் என்பேன். "எதுக்கு சார் இத்தன பூஜ்யம்? இத வச்சு என்ன சார் பண்றது?" என்று ஒரு மாணவன் கேட்டான். நியாயமான கேள்வி. ஒரு மடக்கு நீருக்குள் இருக்கும் எண்ணிக்கையை மனம் வாங்கிக்கொள்ள மறுப்பதில் வியப்பு ஒன்றுமில்லை. நூலின் நம்பரைச் சொல்லி விளக்கிய பிறகு நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளின் முகம் தெளிந்தது. ஒரு பவுண்டுக்கு இத்தனை சிட்டம், ஒரு மோலுக்கு இத்தனை மூலக்கூறு. நூலுக்கு நூல் நம்பர் மாறுவது போலப் பொருளுக்குப் பொருள் மோலின் எடை மாறும். நீருக்கு 18 கிராம், சாப்பாட்டு உப்புக்கு 58.5 கிராம், வெள்ளிக்கு 108 கிராம்.

இந்த எண்ணுக்குப் பெயர் தந்த அவகாட்ரோவுக்கு இந்த எண் தெரியாது. ஒரே வெப்பத்திலும் அழுத்தத்திலும் சம கனஅளவு வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811-இல் அவர் சொன்னார். அரை நூற்றாண்டு காலம் பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை. 1856-இல் அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழிந்து, 1860-இல் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய மாநாட்டில் அவருடைய நாட்டுக்காரரான கன்னிசாரோ அந்தக் கருத்தை மீண்டும் எடுத்துவைத்தார். எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்டியவர் பிரெஞ்சு அறிவியலாளர் பெரின், 1909-இல். நாங்கள் படித்த காலத்தில் 12 கிராம் கார்பனில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்று மோலுக்கு வரையறை சொன்னோம். 2019 மே 20 முதல் அந்தக் கார்பனும் தேவையில்லை. எண்ணையே நிலையாக நிறுத்திவிட்டார்கள்.

தமிழில் இந்தச் சாத்திரத்தைச் சொல்லும் முயற்சி பழையது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீனின் நூல் வரிசையில் 'கெமிஸ்தம்' 1875-இல் வந்தது. ராஜாஜி 'திண்ணை இரசாயனம்' எழுதினார். பாடநூல்கள் எத்தனையோ சொற்களை உண்டாக்கின. அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த சொல் ஒன்றுண்டு: 'தரம் பார்த்தல்'. தெரிந்த செறிவுள்ள ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தெரியாத கரைசலின் செறிவைக் கண்டுபிடிக்கும் ஆய்வகச் செயல் அது. திண்டுக்கல்லில் அந்தச் சொல்லுக்கு ஆய்வகத்துக்கு வெளியேயும் பொருள் உண்டு. அங்கே தரம் பார்க்கப்பட வேண்டியது கிணற்று நீர்.

*

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு. பெயரில் வேலூர் இருப்பதால் பாலாற்றங்கரையின் வழக்கு என்றே பலரும் எண்ணுகிறார்கள். அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டத்தின் தோல் தொழிற்சாலைகளும் அதில் அடக்கம். நீதிமன்றம் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்த மாவட்டங்களில் அதுவும் ஒன்று. தீர்ப்பில் எடுத்தாளப்பட்ட ஆய்வொன்றை நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுவதுண்டு. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில், குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுப்போயின என்று ஒரு தன்னார்வ அமைப்பு கணக்கெடுத்துச் சொன்னது.

சதவீதம் கேட்டால் ஒருவன் 74.946 என்பான். முக்கால்வாசி என்று சொன்னால் போதும் என்பேன். ஒரு கிணற்றைக் கூடுதலாகவோ குறைவாகவோ எண்ணியிருந்தால் அந்தத் தசம இலக்கங்கள் பொருளற்றுப் போகும். முக்கியத்துவ இலக்கம் என்று பாடநூல் சொல்வதன் சாரம் அதுதான். அறிந்ததற்கு மேல் அறிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. ஆனால் இன்னொரு கேள்வியும் எழ வேண்டும். 'கெட்டுப்போன கிணறு' என்றால் என்ன? நாக்குக்குத் தெரியும். நாக்குக்குத் தெரிந்ததை மற்றவர்க்கும் நிறுவ வேண்டுமானால் அது எண்ணாக வேண்டும்.

அந்த எண்ணைத்தான் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்கிறோம். ஒரு லிட்டர் நீரைக் காய்ச்சி வற்றவிட்டால் பாத்திரத்தின் அடியில் தங்குவது கரைந்திருந்த உப்புகளின் மொத்தம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரப்படி அது 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம். வேறு நீரே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். குளோரைடு மட்டும் என்றால் 250 நலம், 1000 எல்லை. 500 மில்லிகிராம் என்பது அரை கிராம். இரண்டு விரலால் கிள்ளி எடுக்கும் உப்பு. ஒரு லிட்டர் நீருக்கு ஒரு சிட்டிகை அளவில் நல்ல கிணறும் கெட்ட கிணறும் பிரிந்துவிடுகின்றன.

*

உப்பு எங்கிருந்து வந்தது என்பதில் மறைபொருள் எதுவுமில்லை. உரித்த தோல் அழுகாமலிருக்க உப்பிடுவார்கள். தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, சில வேளை அதற்கும் மேல். தோல்ஷாப்புக்கு வந்ததும் முதல் வேலை அந்த உப்பை ஊறவைத்துக் கழுவுவது. பிறகு சுண்ணாம்புக் குழி, மயிர் நீக்கல், சதை நீக்கல், அமிலம், குரோமியம். ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 30 முதல் 40 லிட்டர் நீர் செலவாகும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு டன் பச்சைத் தோலிலிருந்து 300 கிலோ உப்பு நீரில் கரைவதாக வைத்துக்கொள்வோம். செலவாகும் நீர் 35,000 லிட்டர். லிட்டருக்கு 8.5 கிராமுக்குச் சற்று மேல் வருகிறது. தமிழ்நாட்டில் உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீருக்குக் கரைந்த உப்பின் எல்லை லிட்டருக்கு 2100 மில்லிகிராம். நம் கணக்கில் அதைப்போல் நான்கு மடங்கு நிற்கிறது. 2100 ஆகும்படி நல்ல நீர் சேர்த்து நீர்த்துப்போகச் செய்தால் மொத்தம் 1,42,857 லிட்டர் ஆகும். 15 லிட்டர் குடத்தில் மொண்டால் ஒன்பதாயிரத்து ஐந்நூறு குடங்கள். குடிநீரின் 500 அளவுக்குக் கொண்டுவர வேண்டுமானால் ஆறு லட்சம் லிட்டர், நாற்பதாயிரம் குடங்கள். ஒரு டன் தோலுக்கு மட்டும் இவ்வளவு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளியேற்றத்துக்கான எல்லை 2100. குடிநீரின் கடைசி எல்லை 2000. விதிப்படி வெளியேறும் நீர்கூடக் குடிக்கத் தகாதது. இதில் முரண்பாடு இல்லை என்பார்கள். கழிவுநீர் ஆற்றில் கலக்கும், ஆற்றில் ஏற்கனவே ஓடும் நீர் அதை நீர்த்துப்போகச் செய்யும் என்ற எதிர்பார்ப்பு விதிக்குள் ஒளிந்திருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் எழுதும் சமன்பாடுதான் அது: தொடக்கச் செறிவையும் தொடக்கக் கனஅளவையும் பெருக்கினால் வருவது, இறுதிச் செறிவையும் இறுதிக் கனஅளவையும் பெருக்கினால் வருவதற்குச் சமம். இறுதிக் கனஅளவு பெருகினால் செறிவு குறையும். ஆனால் பெருக்குவதற்கு ஓர் ஆறு வேண்டும். கீழ்ப்பழனி மலையில் பிறந்து, ஆத்தூர் வழியாக இறங்கி, வடக்கே சென்று அமராவதியில் சேரும் குடகனாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது. தேம்ஸுக்கோ ரைனுக்கோ பொருந்தும் சமன்பாடு குடகனாற்றில் பொருந்தாமல் போவதற்குக் காரணம் வேதியியல் அல்ல. இறுதிக் கனஅளவு என்ற இடத்தில் நாம் இட்ட எண் அங்கே இல்லாத நீரின் எண். நீர் ஆற்றோடு போகாவிட்டால் மண்ணுக்குள் இறங்கும். மண்ணுக்குள் இறங்கினால் கிணற்றுக்கு வரும்.

*

தரம் பார்த்தலுக்கு வருகிறேன். ஒருமுறை பிள்ளைகளிடம், ஆளுக்கொரு குப்பியில் அவரவர் ஊர்க் கிணற்று நீரைக் கொண்டுவரச் சொன்னேன். பிப்பெட்டில் 10 மில்லிலிட்டர் நீரை எடுத்துக் குடுவையில் விட்டு, பொட்டாசியம் குரோமேட் இரண்டு சொட்டு. நீர் எலுமிச்சை மஞ்சளாகும். ப்யூரெட்டில் சில்வர் நைட்ரேட். சொட்டுச் சொட்டாக விட்டால் வெள்ளி குளோரைடோடு சேர்ந்து வெண்ணிறமாகத் திரையும். குளோரைடு தீர்ந்த கணத்தில் மேற்கொண்டு விழும் ஒரு சொட்டு வெள்ளி குரோமேட்டைப் பிடித்துக்கொள்ள, கரைசல் செங்கல் நிறத்துக்குத் திரும்பும். அங்கே நிறுத்த வேண்டும். வெள்ளி விலை கூடியது. ஆகவே பிள்ளைகளின் கை நடுக்கத்தைவிட என் நெஞ்சு நடுக்கம் அதிகம். முடிந்த பிறகு எல்லாக் குடுவைகளையும் ஒரே கலத்தில் வடித்துச் சேர்த்துவைப்போம். வெள்ளிக்காக மட்டுமன்று. நிலைகாட்டியாக வந்த அந்த மஞ்சள் குரோமேட்டே ஆறிணைதிறக் குரோமியம், நஞ்சு. நீரின் தரத்தைப் பார்க்கப் போய் நீரைக் கெடுக்கலாகாது.

கணக்கு எளிதாக வரும்படி ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 0.1 மோலார் சில்வர் நைட்ரேட் 5 மில்லிலிட்டர் செலவானால், 10 மில்லிலிட்டர் நீரில் குளோரைடின் செறிவு 0.05 மோலார். குளோரைடின் மோல் எடை 35.5 கிராம். ஆக லிட்டருக்கு 1775 மில்லிகிராம், அதாவது எல்லையைத் தாண்டிய நீர். அத்தனையும் சோடியம் குளோரைடு என்று கொண்டால் 15 லிட்டர்க் குடத்தில் 44 கிராம் உப்பு இருக்கும். இடுப்பில் சுமந்து வரும் பெண் நீரோடு ஒரு கைப்பிடி உப்பையும் சுமந்து வருகிறாள்.

"அந்த உப்ப வீழ்படிவாக்கி எடுத்துர முடியாதா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். முடியும், இப்போது செய்து காட்டியது அதைத்தான் என்றேன். ஒரு குடத்தில் முக்கால் மோல் குளோரைடு. அதைப் பிடிக்க முக்கால் மோல் வெள்ளி வேண்டும், 81 கிராம். பத்துப் பவுன் எடை. ஒரு குடம் நீருக்கு ஒரு ஜோடி கனத்த கொலுசு. அதற்குப் பிறகும் சோடியம் நைட்ரேட்டாக நீரிலேயே நிற்கும். வகுப்பில் சிரிப்பு எழுந்து அடங்கியது. அடங்கிய விதத்தில் அவர்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது என்று தெரிந்தது.

பாடநூலில் கரைதிறன் விதிகள் என்று ஒரு பட்டியல் உண்டு. சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் உப்புகள் அநேகமாக எல்லாம் கரையும். நைட்ரேட்டுகள் எல்லாம் கரையும். குளோரைடுகளில் வெள்ளி, காரீயம் போன்ற சில தவிர மற்றவை கரையும். ஐந்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்து தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் பட்டியல். திண்டுக்கல் சுற்றுவட்டாரக் கிணறுகள் ஏன் எளிதில் தேறுவதில்லை என்பதற்கு விடை அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. சோடியத்தை மலிவாகக் கரையாத பொருளாக்கித் தரும் எதிரயனி இயற்கையில் இல்லை.

*

குரோமியத்தின் கதை வேறு. முன்னாளில் இந்தப் பக்கத்தில் ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்டார்கள். 1970-களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் குறைத்து, முழுதும் முடித்த தோலை ஊக்குவிக்கும் கொள்கையை மத்திய அரசு கொண்டுவந்த பின் குரோமிய முறை பெருகியது. பட்டையில் வாரக்கணக்கில் ஆகும் வேலை குரோமியத்தில் ஒரு நாளில் முடியும்.

சந்தையில் கிடைக்கும் குரோமியப் பொடியில் குரோமியம் ஏறத்தாழ 17 சதவீதம். 100 கிலோ தோலுக்கு 8 கிலோ பொடி என்றால் 1.37 கிலோ குரோமியம். பழைய முறையில் மூன்றில் இரண்டு பங்கைத் தோல் பிடித்துக்கொள்ளும். மீதி 450 கிராம் அளவு நீரோடு வெளியேறும். கழிவுநீரில் குரோமியத்துக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் எல்லை, குடிநீரில் 0.05. பயமுறுத்தும் எண்கள்தாம். ஆனால் குரோமியம் கார நீரில் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். மெக்னீசியம் ஆக்சைடு இட்டால் போதும். காரத்தன்மையுள்ள குரோமியம் சல்ஃபேட்டுக்கு ஒரு மோலுக்கு ஒரு மோல். 450 கிராம் குரோமியம் 9 மோலுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு 350 கிராம் மெக்னீசியம் ஆக்சைடு. நீரிலுள்ள அமிலத்தையும் அது நடுநிலையாக்க வேண்டியிருப்பதால் நடைமுறையில் கூடுதலாகவே தேவைப்படும். படிந்ததைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மீண்டும் தோலுக்கே இடலாம். சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மீட்பு முறையை வகுத்துக் கொடுத்தது. நஞ்சு என்று எல்லோரும் அஞ்சும் பொருளைக் கையாள வழி இருக்கிறது. சமையலறையில் எவரும் அஞ்சாத உப்புக்குத்தான் வழி கடினம்.

சுண்ணாம்புக் குழியைச் சொல்லாமல் விடக்கூடாது. திண்டுக்கல்லில் வழக்கறிஞராக வாழ்ந்த டி. செல்வராஜ், தோல்ஷாப் தொழிலாளரின் வாழ்வையும் சங்கம் அமைந்த வரலாற்றையும் 'தோல்' நாவலாக எழுதினார். 2012-இல் அதற்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. நாவல் காட்டும் உடல்களை வேதியியல் எப்படிச் சொல்லும் என்று யோசித்திருக்கிறேன். நிறைவுற்ற சுண்ணாம்பு நீரின் காரகாடித்தன்மை 12.4. நல்ல நீருடையது 7. வித்தியாசம் 5.4 என்றால் சிறிதாகத் தெரியும். அது மடக்கை அளவு. காரத்தின் செறிவில் இரண்டரை லட்சம் மடங்கு. ஆட்டுத் தோலின் மயிரைக் கழற்றும் நீர் அதில் இறங்கி நின்றவரின் கால் தோலை மட்டும் விட்டுவிடாது. மயிர் நீக்கச் சேர்க்கும் சோடியம் சல்பைடு அமில நீரைச் சந்தித்தால் ஹைட்ரஜன் சல்பைடு எழும். அதன் மூலக்கூறு எடை 34, காற்றின் சராசரி 29. ஆகவே குழிக்குள்ளேயே தேங்கி நிற்கும். செறிவு கூடினால் மூக்கு அதன் நாற்றத்தையும் மறந்துவிடும். கழிவுத் தொட்டிக்குள் இறங்கியவர்கள் இறந்த செய்திகள் தோல் நகரங்களிலிருந்து அவ்வப்போது வந்திருக்கின்றன. 34, 29 என்ற இரண்டு எண்களைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் கூட்டிச் சொல்லிவிடும். இறங்கியவருக்கு யாரும் சொல்லவில்லை.

*

தீர்ப்புக்குப் பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையம், தோலை ஊறவைத்த நீரைத் தனியே பிரித்து வெயிலில் காயவிடும் தொட்டிகள், சவ்வூடு பரவல் இயந்திரங்கள் எல்லாம் தோல் தொழிலுக்கு வந்தன. ஒவ்வொன்றும் தேவையானது. ஆனால் எதுவும் உப்பை அழிப்பதில்லை. இடம் மாற்றுகிறது. இயந்திரத்தின் ஒரு குழாயில் நல்ல நீர் வந்தால் மறு குழாயில் இரட்டிப்பு உப்பு நீர் வரும். அதையும் காய்ச்சினால் மூட்டை உப்பு வரும். மூட்டையைத் திறந்த வெளியில் அடுக்கினால் ஐப்பசி மழை அதைக் கரைத்து, புறப்பட்ட இடத்துக்கே அனுப்பும். வினைக்கு முன்னும் பின்னும் மொத்த எடை மாறாது என்று லவாய்சியே நிறுவியது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். பாடநூலின் முதல் அத்தியாயத்தில் இரண்டு வரியில் முடிந்துபோகும் விதி அது. கரைந்தது கண்ணுக்கு மறையும், கணக்குக்கு மறையாது.

நிலத்துக்கும் இதே கணக்குதான். களிமண்ணில் கால்சியம் இருந்த இடத்தைச் சோடியம் பிடித்துக்கொண்டால் மண் பொலபொலப்பை இழந்து இறுகும். இரண்டு சோடியத்தை வெளியேற்ற ஒரு கால்சியம் வேண்டும்: 46 கிராம் சோடியத்துக்கு 172 கிராம் ஜிப்சம். ஜிப்சம் வாங்கிப் போட்டுவிடலாம். விடுபட்ட சோடியத்தைக் கழுவி அனுப்ப மீண்டும் நல்ல நீர் வேண்டும். அந்த நீர் எங்கே?

இந்தக் கணக்குகளை எல்லாம் போட்டு முடித்த ஒரு மாலையில் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "அப்ப எங்கப்பாவ வேலய விட்டு நிக்கச் சொல்றீங்களா சார்?" என்றான். அவனுடைய தந்தை தோல்ஷாப் தொழிலாளி. வகுப்பு அமைதியாயிற்று. இல்லை என்றேன். தோலிலிருந்த 300 கிலோ உப்பை அவர் போடவில்லை. அந்த உப்பை அப்புறப்படுத்தும் செலவு தோலின் விலையில் சேரவில்லை. சேராத செலவைக் கிணறு கொடுத்தது, அவருடைய காலும் கொடுத்தது. சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் ஏதாவது விடுபட்டால் மறுபக்கம் சரியாக வராது என்பதைத்தான் இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றேன். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று நீதிபதிகள் எழுதியதை நான் சமன்செய்த சமன்பாடு என்றே வாசிக்கிறேன். அந்த ஈட்டை உள்ளூர் முதலாளி மட்டும் அன்றி, மலிவு விலைக்கு முடித்த தோலை வாங்கிப்போன தூர தேசத்துக் கடைகளும் பகிர்ந்திருக்க வேண்டும். அவன் உட்கார்ந்தான். ஒப்புக்கொண்டான் என்று சொல்ல மாட்டேன். அந்த வீட்டின் மாதச் செலவு அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்று ஒரு பாடம் உண்டு. வினைபடும் பொருள்களில் எது முதலில் தீர்ந்துபோகிறதோ அதுவே விளைச்சலை முடிவுசெய்யும். மற்றவை எவ்வளவு மிகுந்திருந்தும் பயனில்லை. திண்டுக்கல் சமவெளியில் உழைப்புக்குப் பஞ்சமில்லை. தோல், நூல், பூட்டு, புகையிலை என்று கைத்திறனுக்கும் பஞ்சமில்லை. முதலில் தீர்வது நீர். அதை மிகுதியாக இருக்கும் பொருளாக எண்ணிப் போடப்பட்ட எல்லாத் திட்டங்களும் விளைச்சலைத் தவறாகக் கணித்தன.

குப்பியில் நீர் கொண்டுவந்தவர்களில் ஒருத்தி தன் ஊர்க் கிணற்றின் எண்ணை ஒரு தாளில் எழுதி, எல்லை இவ்வளவு, இருப்பது இவ்வளவு என்று கோடிட்டுக் கிராம சபைக்குத் தன் தாயிடம் கொடுத்தனுப்பினாள். முன்பெல்லாம் "தண்ணி நல்லால்ல" என்று சொன்னால் "பாக்குறோம்மா" என்பதோடு முடிந்துவிடுமாம். இம்முறை தாளை வாங்கிப் பார்த்தவர், இந்த எண் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறார். தாய்க்குச் சொல்லத் தெரியவில்லை. மகளைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். பத்து மில்லி நீர், ஐந்து மில்லி வெள்ளிக் கரைசல் என்ற ரீதியில் அவள் கூட்டத்துக்கு நடுவே விளக்கியிருக்கிறாள். ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புவதாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். கிணறு அதனால் இனித்துவிடவில்லை. அடுத்த வாரம் வகுப்புக்கு வந்தவள், கூட்டத்தில் ஒரு பெரியவர் தன்னை நிறுத்தி, "எங்க கெணத்துக்கும் பாத்துச் சொல்லு தாயீ" என்று கேட்டதாகச் சொல்லி, பையிலிருந்து இன்னும் மூன்று குப்பிகளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.